ஜாடி வீட்டுக்கு வந்த வருஷம்

பருத்திப்பட்டு
8.6.1987

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பழக்க தோஷம். நான் சுகம். உன் அண்ணன் சுகமா என்பதை மீதியைப் படித்துவிட்டு நீயே சொல்.

போன வெள்ளிக்கிழமை கோவிந்தன்தான் கொண்டுவந்து விட்டார். அம்பத்தூர் கம்பெனியில் உன் அண்ணனோடு ஒரே ஷிப்டு, தெரியுமில்லையா, அவர். ஒரு கை இவர் தோள்மேல், இன்னொரு கையில் சைக்கிள். "ஏரிக்கரைல வுயுந்து கெடந்தாரு சிஸ்டர். சூப்பர்வைசர் கைல நான் எத்தினி வாட்டி பொய் சொல்றது? இன்னொரு வாட்டின்னா சீட்டுக் கிழிச்சிருவாங்க" என்றார். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். உன் அண்ணன் பேண்டில் சேறு. அதை அலசிக்கொண்டே அழுதேன். சேறு போய்விட்டது.

மனநல வார்டில் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தாய். நீ நர்ஸ், உனக்கு அது ஒரு வார்டு. எங்களுக்கு அது கீழ்ப்பாக்கம். எதிர்வீட்டு நாகவல்லியின் தம்பியை அங்கே வைத்து நல்லபடியாகத்தான் குணமாக்கி அனுப்பினார்கள். வேலைக்குப் போகிறான், வாய் திறந்து ஒருத்தரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவன் தெருவில் நடந்தால் "கீய்ப்பாக்கம் வருது, ஒதுங்கு" என்கிறார்கள். நாகவல்லிக்கு வந்த இரண்டு வரனும் தெருமுனையோடு திரும்பிப் போய்விட்டது.

பூந்தமல்லியிலிருந்து டேவிட் வீட்டார் உன்னைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பியிருந்தார்கள். குடிகாரன் தங்கச்சி என்றால் பரவாயில்லை, எந்த வீட்டில் இல்லை என்பார்கள். பைத்தியக்காரன் தங்கச்சி என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வார்கள். தாய் தகப்பன் இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்து நர்ஸிங் படிக்க வைத்த மனுஷன் உன் கல்யாணத்துக்கே குறுக்கே நிற்க வேண்டுமா?

சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதோ மருந்து இருக்கிறதாமே. அவருக்கே தெரியாமல் குடி வெறுத்துப் போகுமாம். உண்மையா, எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர் வெயிலில் குடை பிடிக்க வெட்கப்படாதே.

உன் அண்ணி
ஞானசௌந்தரி

*

மஸ்கட்
2.7.1987

பிரியமுள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நன்றாக இல்லை.

மாத்திரை உண்டு. என்னோடு வேலை செய்யும் செலின் லீவில் கொரட்டூர் வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், டப்பாவில் பேர் கிழித்திருக்கும். தினம் காலையில் ஒன்று, நன்றாகப் பொடித்துக் கலக்க வேண்டும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். குடியை வெறுக்க வைப்பது அந்தப் பயம்தான், வேறு மாயம் ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் நிற்கும். இருமல் டானிக்கில்கூடச் சாராயம் இருக்கும், கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணி, இதை நோயாளிக்குச் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. எங்கள் டாக்டர் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். தெரியாமல் அளவுக்கு மீறிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அண்ணனிடம் சொன்னால் டப்பாவை ஏரியில் எறிவான் என்றும் தெரியும். நீங்களே யோசித்துச் செய்யுங்கள். நான் அனுப்பினேன் என்பது மட்டும் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

பூந்தமல்லிக்காரர்கள் மறுபடி வந்தார்களா? சும்மா கேட்டேன்.

உங்கள்
ஹில்டா

*

பருத்திப்பட்டு
30.8.1987

அன்புள்ள ஹில்டா,

இன்றைக்கு உண்மையாகவே எல்லோரும் சுகம். நம்பு.

காலைக் காபியில் கலக்கிறேன். முதல் நாளே "இன்னா ஞானம், டம்ளர் அடில மண்டி நிக்குது" என்றார். வடிகட்டி ஓட்டை என்றேன். மறுநாள் சாயங்காலம் பிராந்திக் கடைக்குப் போய்வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. மூச்சு வாங்குகிறது, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஞானம், நான் பூட்டேன்" என்கிறார். நான் முதுகைத் தடவிக்கொண்டே, செத்துப்போனால் நான்தானே கொன்றவள் என்று நடுங்கினேன். இரண்டாம் தடவையும் அப்படியே.

மூன்றாம் தடவை ஒரு மடக்கோடு கொட்டிவிட்டு வந்துவிட்டாராம். முன்னறையில் உன் அப்பாவின் பெரிய வேதப் புத்தகம் இருக்கும் அலமாரி முன்னால் முழங்கால் போட்டார். "அவரு என்ன அடிக்கிறாரு ஞானம். இத்தினி வருசம் உட்டு வெச்சிகினு இருந்தாரு, இப்ப அடிக்கிறாரு" என்று குழந்தை மாதிரி அழுதார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த ஒரு வெளிச்சம் இருந்தது, எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு தொடவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறார். இப்போதெல்லாம் திரும்பும்போது ஆவடி பஸ் ஸ்டாண்டு வழியாக வருவதில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான கரைமேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். துரைக்கு ஏரிக்காற்று கேட்கிறது.

மாத்திரை தீரப்போகிறது, அனுப்பு.

உன் அண்ணி
ஞானம்

*

மஸ்கட்
27.9.1987

பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டியில் வைத்தே படித்து அழுதேன். வார்டில் இருந்த ஓமானி அம்மாள் ஒருத்தி என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

மாத்திரை அனுப்பியிருக்கிறேன். என்றைக்காவது நல்ல நேரம் பார்த்து அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டவர் தண்டித்தார் என்று நினைத்துத் திருந்துவது வேறு, தானாகத் திருந்துவது வேறு. அவசரமில்லை. கல்யாணப் பேச்சு முடியட்டும். டேவிட்டின் அம்மா எனக்கே எழுதியிருக்கிறார். "உங்கள் அண்ணன் இப்போது ஆலயத்துக்கு ஒழுங்காக வருவதாகக் கேள்விப்பட்டோம்" என்று எழுதியிருக்கிறார். கல்யாணம் அடுத்த ஆகஸ்டில் வைக்கலாமாம்.

அண்ணனுக்கு என் முத்தம். அண்ணியின் கைக்கும்.

உங்கள்
ஹில்டா

*

பருத்திப்பட்டு
22.2.1988

அன்புள்ள ஹில்டாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, விஷயம் வாயில் நிற்கவில்லை. நம் வீட்டுக்கு ஜாடி வந்திருக்கிறது.

உனக்கு மறந்திருக்காது. லெந்து நோன்பு நாள் தொடங்கியதும் மாதர் சங்கம் அந்தப் பெரிய பீங்கான் ஜாடியை ஒரு வீட்டில் கொடுக்கும். அந்த வருஷம் ஈஸ்டர் திருவிருந்துக்குத் திராட்சரசம் அந்த வீட்டில்தான் ஊற வேண்டும். நான் இந்தச் சபைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக ஜாடி எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. நம் வாசலைத் தாண்டித்தான் போகும். குடிகாரன் வீட்டில் யார் ரசம் ஊறப்போடுவார்கள்? நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் உன் அண்ணன் எழுந்து சாட்சி சொன்னார். கை கட்டி நின்று, "என்ன அடிச்சித் திருத்தினாரு" என்றார். சபையே அழுதது. அதற்குப் பிறகுதான் சங்கத்துத் தலைவியே ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பன்னீர் திராட்சை, சீனி, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை, எல்லாம் என் கையால் பிசைந்து போட்டேன். நன்றாகப் பொங்குகிறது. நம் உள்ளறையில்தான் இருக்கிறது. வாசம் தெருவரை வருகிறது. உன் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதுகூட இல்லை. "ஈஸ்டர் அன்னிக்கு அவரு கையால குடுப்பாரு, அப்ப வாய் வெச்சா போதும்" என்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை திருவிருந்துப் பந்திக்குப் போனவர். அதற்குப் பிறகு தகுதியில்லை என்று பின்வரிசையிலேயே நின்றுவிடுவார். இந்த ஈஸ்டருக்கு என்னோடு முழங்கால் போடப்போகிறார்.

வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். காபியை விடாமல் கொடுத்து வருகிறேன், கவலைப்படாதே. உன்னை நினைக்காத நாளில்லை.

அண்ணி
ஞானம்

*

மஸ்கட்
21.3.1988

அண்ணி,

சுகம் அப்புறம். குவார்ட்டர்ஸ் மாறியதில் உங்கள் கடிதம் பழைய அறையில் கிடந்து இன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

மாத்திரையை உடனே நிறுத்துங்கள். அண்ணன் பாத்திரத்தில் வாய் வைக்கக்கூடாது. ஊறிய ரசம் சாராயம்தான் அண்ணி, ஆலயத்தில் கொடுத்தாலும் உடம்புக்கு அது சாராயம்தான். அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லை என்றால் காய்ச்சல் என்று அன்றைக்கு ஆலயத்துக்கே போகாமல் செய்யுங்கள். அதைவிட நல்லது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

தந்தி கொடுக்க ஆபீஸ் வாசல்வரை போனேன். என்ன எழுதுவது? இங்கே தந்தி எடுப்பவர் பூந்தமல்லிக்காரர், டேவிட் வீட்டுக்கு உறவு. அங்கே தந்தி வந்தால் யாரோ செத்தார்கள் என்று தெருவே கூடும், நாலு பேர் வாங்கிப் படிப்பார்கள். திரும்பி வந்துவிட்டேன். எக்ஸ்பிரஸில் போடுகிறேன், ஈஸ்டருக்கு முன்னால் வந்துவிடும்.

ஹில்டா

*

பருத்திப்பட்டு
14.4.1988

ஹில்டாவுக்கு,

உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை வந்தது.

இரண்டு பேரும் பந்திக்குப் போனோம். முழங்கால் போட்டிருந்தபோது அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. ஆயர் பாத்திரத்தை நீட்டினார். எல்லோரும் உதடு நனைப்பார்கள். இவர் இரண்டு கையாலும் பிடித்து, தாகத்தோடு வந்தவர் மாதிரி வாய் நிறையக் குடித்தார். ஆயர் மெல்லப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது ஹில்டா. என் கையால் செய்த ரசம், என் புருஷன் குடிக்கிறார் என்று இருந்தது. காபி ஞாபகமே வரவில்லை. சாராயம் என்றால் எனக்குப் பிராந்திக் கடைதான். இது கர்த்தருடைய பந்தி. இரண்டையும் நான் எப்படி ஒன்றாக நினைப்பேன்?

இடத்துக்கு வந்து ஸ்தோத்திர ஜெபம் சொல்லும்போது பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அந்த முகம். கழுத்துவரை சிவப்பு. எழுந்து வெளியே ஓடப் பார்த்தார், நடுவழியிலேயே விழுந்து வாந்தி எடுத்தார். வெள்ளைச் சட்டை முழுக்க. தூக்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்து, "நாத்தம் பாரு, ஊத்திகினே வந்துக்கீறான்" என்றார்கள். ஈஸ்டர் அன்றைக்கு, பந்திக்கே குடித்துவிட்டு வந்தவன் என்று தீர்ந்துவிட்டது. சங்கத்துத் தலைவி என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவேன்? மறுநாளே வந்து ஜாடியை எடுத்துக்கொண்டு போனார், கழுவக்கூட விடவில்லை.

அவர் யாரையும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "அவரு ரத்தமே என்ன வெளிய தள்ளிடுச்சி ஞானம்" என்றார். அவ்வளவுதான். தகுதியில்லாமல் குடிப்பவனுக்கு ஆக்கினை என்று ஒவ்வொரு பந்திக்கும் ஆயர் வாசிப்பாரே, அது தனக்கு என்று எடுத்துக்கொண்டார்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். நான் என்ன செய்ய, எழுது.

ஞானம்

*

மஸ்கட்
8.5.1988

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கே கூசுகிறது. அண்ணனிடம் சொல்லுங்கள். உடனே சொல்லுங்கள். ஆண்டவர் தள்ளவில்லை, மாத்திரை என்று சொல்லுங்கள். இப்படி உட்கார்ந்துபோன ஆட்களை நான் வார்டில் பார்க்கிறேன். இது மனசில் வருகிற வியாதி, தானாகப் போகாது, டாக்டர் வேண்டும்.

டேவிட்டின் அம்மா ஈஸ்டர் விஷயத்தைக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார். மஞ்சள் காமாலை, பித்தம் தலைக்கேறிவிட்டது என்று பதில் போட்டேன். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் பதினான்கு நாள் குறித்தாயிற்று.

அதனால் டாக்டரிடம் போவதை மட்டும் ஆகஸ்ட் தாண்டி வைத்துக்கொள்ளலாமா? சொல்வதையும் அப்படியே… தெரியவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள்.

ஹில்டா

*

பருத்திப்பட்டு
12.6.1988

ஹில்டாவுக்கு,

உன் கல்யாணப் புடவை எடுத்துவிட்டாயா? நல்ல நிறமாக எடு.

அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நாக்கு எரிகிறது என்று சாம்பல் போட்டுத் தேய்க்கிறார், ரத்தம் வரும்வரை. ஆலயமணி அடித்தால் தலையணையால் காதை மூடிக்கொள்கிறார். சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்தார்கள். பிசாசு என்று தலையில் கை வைத்துக் கத்தினார்கள். இவர் அசையவில்லை. அவர்கள் போன பிறகு, "பிசாசுகூட எங்கைல வராது ஞானம்" என்றார்.

குடிக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஆண்டவர் அடிப்பார் என்ற பயத்தில் குடியாமல் இருக்கிறார், அந்தப் பயமே அவரைத் தின்கிறது. உண்மையைச் சொன்னால் பயம் போகும், கடைக்குப் போவார். சொல்லாவிட்டால் இப்படியே உட்கார்ந்து சாவார். இதில் எது என்று நீ எழுதவில்லை. நீ எழுதியது ஆகஸ்ட்.

கோவிந்தன் வந்திருந்தார். "ஜொரம் வந்தா டாக்டராண்ட போறோம். மன்சுக்கு வந்தா மட்டும் இன்னா சிஸ்டர் வெக்கம்? நான் கூட வரேன், கைய புட்சிகினு இட்டுகினு போலாம்" என்றார். ஆகஸ்ட் முடியட்டும் என்றேன். ஏன் ஆகஸ்ட் என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஞானசௌந்தரி

*

பருத்திப்பட்டு
11.9.1988

ஹில்டாவுக்கு,

நீயும் டேவிட்டும் நலமாக இருக்க வேண்டும். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

கல்யாணம் முடிந்து நீ வந்தாய். பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக வாசலில் நின்றாய், உள்ளே வரவில்லை. வெளியே கார் நிற்கிறது என்றாய். உன் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய மனுஷன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பாப்பா குரல் மாரி இருக்குது" என்றார். நான் உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் கார் போய்விட்டது. பக்கத்துவீட்டு ரேடியோ என்று அவரிடம் சொன்னேன். அதுதான் நான் சொன்ன கடைசிப் பொய்.

அன்று சாயங்காலமே சொன்னேன். காபி, மண்டி, மாத்திரை, எல்லாம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஈஸ்டருக்குப் பிறகு முதல் தடவையாக.

"ஜூலைல வாந்தி எடுத்தனே?"

"மாத்திரதான்."

"ஈஸ்டர்ல?"

"அதுவும்."

"அப்ப அவரு?"

யார் கொடுத்தது என்றார். உன் பேரையும் சொன்னேன். நம்பவில்லை. என்னைத் தேற்றக் கதை கட்டுகிறாய் என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

தெருமுனையிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். "ஞானம், மூஞ்சப் பாரு, செவக்கல பாரு. நெஞ்சத் தொட்டுப் பாரு. நெசந்தான் சொல்லிக்கீற. அவரு என்ன தள்ளல ஞானம்" என்று நடுத்தெருவில் நின்று அழுதார். ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். சீராக அடித்துக்கொண்டிருந்தது. பிராந்தி நாற்றம் என் முகத்தில் அடித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் படுத்ததும் தூங்கினார்.

மறுநாளும் நிஜம்தானா என்று பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும்.

இப்போது என் கையால் எதுவும் வாங்குவதில்லை. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தானே குழாயில் பிடித்துக் குடிக்கிறார்.

ஞானம்

*

பருத்திப்பட்டு
23.10.1988

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நல்லா இருக்கியா? மாப்பிள்ளை நல்லவரா? காலையில் ஒரு வாய் போட்டால்தான் எழுத்து நேராக வருகிறது. போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், உன்னிடம் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

உன்மேல் கோபமில்லை. ஞானத்தின் மேலும் இல்லை. அவள் கையில் வாங்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீ நர்ஸ், உனக்குத் தெரியும்.

அந்த எட்டு மாதம் நான் குடிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே காரியம் அது என்று நினைத்திருந்தேன். சபை முன்னால் அவர் அடித்தார் என்று சாட்சி சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம், நானும்தான் செய்தேன் என்று ஒரு கர்வம் இருந்தது. இப்போது பார்த்தால் அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை, மாத்திரை செய்திருக்கிறது.

ஆனால் பாப்பா, கடை ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம். ஷிப்டு முடிந்து வரும்போது தினமும் வாயெல்லாம் ஊறும், கை நடுங்கும். அடிக்குப் பயந்தவன் கடை முன்னால் வந்தும் திரும்பிப் போகலாம். நான் அதற்கு முன்னாலேயே, கடை கண்ணில் படக்கூடாது என்று, ஹேண்டில்பாரை ஏரிக்கரைப் பக்கம் திருப்புவேன். சில நாள் அழுதுகொண்டே திருப்பியிருக்கிறேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏன் என்று ஞானத்துக்குக்கூடத் தெரியாது.

அதையும் மாத்திரைதான் திருப்பியதா? அப்படி ஒரு வேலை அதற்கு உண்டா? கேட்டு எழுது.

அண்ணன்
எட்மண்ட்

*

பருத்திப்பட்டு
12.12.1988

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த நேரத்தில் பிரயாணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். டாக்டர் சொல்கிறபடி இரு. நீ வராதது பற்றி எனக்கு வருத்தமில்லை. அவர் அடக்கத்துக்குக் கோவிந்தன் வந்தார், நாகவல்லியும் தம்பியும் வந்தார்கள், சபையிலிருந்தும் வந்தார்கள். என்ன வியாதி என்று ஆயர் கேட்டார். குடி வியாதி, மனசு வியாதி, இரண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஈஸ்டர் அன்றைக்கு நடந்ததையும், ஜாடியைப் பற்றியும், காபியைப் பற்றியும் சொன்னேன். சங்கத்துத் தலைவி என் கையைப் பிடிக்க வந்தார். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

உன் தந்தி வந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி உனக்கு எழுத வேண்டும்.

தந்திக்காரன் சைக்கிள் மணி அடித்ததுமே தெரு கூடிவிட்டது. நாகவல்லி அழவே ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில் இருந்ததால் அவள் தம்பிதான் வாங்கிப் படித்தான், கீழ்ப்பாக்கம் என்கிறார்களே, அந்தப் பிள்ளை. நடுத்தெருவில் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "மாத்திரை சைக்கிளைத் திருப்பாது. திருப்பினது நீதான் அண்ணா. மாத்திரை அனுப்பினது நான். ஹில்டா."

யாரும் சாகவில்லை, போங்கள் என்று ஜனத்தை அனுப்பினேன். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிராந்திக் கடைக்கே போனேன். ஒரு பொம்பளை உள்ளே வந்ததும் கடையில் பேச்சு நின்றுபோயிற்று. அவர் மூலை பெஞ்சில் இருந்தார். பிள்ளை படித்தான். இன்னொரு வாட்டி படி என்றார். படித்தான். அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தார். "பேரு போட்டுக்கீறா பாப்பா" என்றார். டம்ளரில் பாதி மீதியிருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். திங்கட்கிழமை நாகவல்லியின் தம்பியோடு அவனுடைய டாக்டரிடமே போவதாகப் பேச்சு. "உன்ன மாரி என்னியும் கீய்ப்பாக்கம்னு கூப்புடுவானுங்களா?" என்று அவனிடம் கேட்டார். கூப்பிடுவார்கள் அண்ணாத்தே, பழகிவிடும் என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாய்வழியாக ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஈரல் எப்போதோ போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகுதான் நான் உனக்குத் தந்தி கொடுத்தேன்.

நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. காலையில் காபி போட்டு என் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவராகவே வந்து கை நீட்டினார். கொடுத்தேன். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் நகராமல் நின்றேன். பார்த்துவிட்டு, முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்தார்.

உன் அண்ணி
ஞானசௌந்தரி